ஒரே நாவலுக்கு இரண்டு கருத்து

கண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனில் புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் பெண்டாட்டி ஷாலினிதான் ஒருநாள் உளறிவிட்டாள். கோபமில்லை, என் பேச்சால் ஒரு கூடைத் துணியாவது மடிந்ததே. ஆனால் இந்தத் தடவை போனில் சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது. நீ இருக்கும் படூருக்கும் நம் சதுரங்கப்பட்டினத்துக்கும் ஒரு மணி நேரப் பயணம்தான். நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நேரில் ஆரம்பித்தால் பாதியில் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், என் சாமர்த்தியம் உனக்குத் தெரியாததா. அடுத்த மாதம் நீங்கள் இரண்டு பேரும் ஜெர்மனிக்குக் கிளம்புகிறீர்கள். இரண்டு வருஷம். நீ திரும்பி வரும்போது இதைச் சொல்ல நான் இருப்பேனா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சாகப்போகிறேன் என்று சொல்லவில்லை, உடம்பு குத்துக்கல் மாதிரிதான் இருக்கிறது. உடம்பு இருந்து நான் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

முதலில் வழக்கம்போல் படித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்குள் இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு துப்பறியும் நாவல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ரிசார்ட்டின் நீச்சல் குளத்தில் பிணம் மிதக்கிறது. நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துபோயிற்று, ஏனென்றால் அந்த ரிசார்ட்டில் எல்லாரிடமும் தன்மையாகப் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். இந்தக் கரையில் டச்சுக்காரர்கள் துணி வாங்கிக் கப்பலேற்றிய காலத்தைப் பற்றி ஒரு வரலாற்றுப் புத்தகம். நம் கோட்டைக்கு மட்டும் ஆசிரியர் பதினெட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார், கல்லறைகளின் நீள அகலமெல்லாம் துல்லியமாக இருக்கிறது. அந்தத் துணியை நெய்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, அவர் எங்கே போவார் பாவம். ஆனாலும் ‘தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத புத்தகத்தை என்னால் நம்ப முடிவதில்லை. பிறகு ஒரு மொழிபெயர்ப்பு நாவல், ஐந்நூறு பக்கமும் பனி. பக்கத்துக்கு ஒருத்தர் தோளைக் குலுக்குகிறார். நம் ஊரில் யாராவது தோளைக் குலுக்கி நீ பார்த்திருக்கிறாயா, உதட்டைப் பிதுக்குவார்கள், அவ்வளவுதான். ஷாலினி கொடுத்தாளே, மனத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் வழிகள் என்று ஒன்று, அதையும் படித்தேன். அவளிடம் சொல்லாதே. அத்தியாயத்துக்கு ஒருவர் தோற்கிறார், அத்தியாயம் முடிவதற்குள் ஜெயித்துவிடுகிறார். தோற்றபடியே இருந்துவிட்டவர் ஒருத்தர்கூட இல்லை. கவிதைத் தொகுப்பு ஒன்று, பக்கத்துக்கு நாலு வரி, மிச்சமெல்லாம் வெள்ளைத்தாள். ஆனால் அதில் ஒரு பெண் அழுதுகொண்டே கேஸ் சிலிண்டர் வண்டிச் சத்தத்துக்கும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு கவிதைக்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி அந்தப் பெரிய நாவல். லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஊர்த் திருவிழாவில் எல்லார் முன்னாலும் மூத்த மகனைச் செருப்பால் அடிக்கிறார். பையன் அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விடுகிறான். அதற்குப் பிறகு அறுநூறு பக்கம் அந்த அப்பன் அவனுக்காகக் காத்திருக்கிறான். கதை அவ்வளவுதான். எப்படி இருந்தது என்று நீ கேட்டால் என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வாசகர் வட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இப்போதும் புதுப்பட்டினத்தில் அதே டியூஷன் சென்டர் மாடியில்தான் கூடுகிறோம், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு. ஏழு பேர். ஆளுக்கு ஒரு புத்தகம், ஆளுக்குப் பத்து நிமிஷம். பேசுகிறவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது என்பது நான் போட்ட விதி. நம் என்ஜினியர் சாருக்காகப் போட்டது. அடுத்தவர் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அவர் நாலு வாக்கியம் பேசிவிடுவார், ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. விதி போட்ட பிறகுதான் வட்டம் உருப்பட்டது. இத்தனை வருஷத்தில் நான் எந்தப் புத்தகத்தையும் பாதியில் விட்டுவிட்டு வந்து பேசியதில்லை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். படித்து முடித்த அன்றே நோட்டில் பத்து வரி எழுதி, கீழே ‘முதல் வாசிப்பு’ அல்லது ‘மறுவாசிப்பு’ என்று போட்டுவிடுவேன், அந்தப் பழக்கமும் உனக்குத் தெரிந்ததுதான்.

போன கூட்டத்தில் அந்த நாவலைப் பற்றிப் பேசினேன். அந்த அப்பனைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டேன். ஒவ்வொரு பஸ் வரும்போதும் கையில் பிடித்த ஸ்பேனரோடு பட்டறை வாசலுக்கு ஓடி வருகிற மனுஷனை எப்படி வெறுப்பது, ஒரு நிமிஷக் கோபத்துக்கு ஒரு ஆயுசா தண்டனை என்றெல்லாம் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ஜினியர் சார்கூட வாயைத் திறக்கவில்லை, டீ கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். என் பேச்சில் உருகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், நாலு வருஷமாக எங்கள் வட்டத்தில் இருக்கிறாள். செய்யூர்ப் பக்கத்துக்காரி. அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவள் நர்ஸ் படிப்புப் படித்து, முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நின்று, இப்போது நமக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டியிருக்கிறாள். கொலை நாவல் மட்டும்தான் படிப்பாள். கூட்டம் முடிந்து ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரும்புவோம். வாய் ஓயாத ஆள், அன்றைக்குப் பாதி வழிவரை வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது. போன மாசமும் நீ இதே பொஸ்தகத்தத்தான பேசின?”

போன மாதம் நான் பேசியது கோட்டையைப் பற்றிய வரலாறு என்றேன். அது அதற்கு முந்தின மாதம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“இல்லக்கா. போன மாசம் இதே கததான். அந்த அப்பன் நல்லா அனுபவிக்கட்டும், அவனுக்கு மன்னிப்பே கெடையாதுன்னு நீதான் சொன்ன. இன்னிக்கு அவனுக்காவ அழுவுற. நாங்கல்லாம் இன்னாடா இதுன்னு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகினு இருந்தோம்.”

அப்படியானால் ஏன் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். குறுக்கே பேசக் கூடாது என்று நீதானே ரூல் போட்டிருக்கிறாய் என்றாள். எனக்கு வந்த கோபத்தில், கொலைக் கதையாகப் படித்துப் படித்து உனக்கு எல்லாரையும் சந்தேகப்படத் தோன்றுகிறது என்று கத்திவிட்டு, நம் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

இரண்டும் இருந்தன. நடுவே அந்தக் கவிதைத் தொகுப்புக்கு எழுதியது ஒரு பக்கம். அதற்கு முன் பக்கத்தில்: ‘மகனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியவன் காத்திருக்கத்தான் வேண்டும். ஆசிரியர் இவனுக்காக நம்மை அழவைக்கப் பார்க்கிறார். நான் அழமாட்டேன்.’ பின் பக்கத்தில்: ‘அழுதேன். ஒரு தகப்பனின் தவறை இவ்வளவு பரிவோடு எழுதியவரைக் கும்பிடத் தோன்றுகிறது.’ இரண்டும் என் கையெழுத்து. இரண்டின் கீழேயும் ‘முதல் வாசிப்பு’ என்று போட்டிருக்கிறேன். அறுநூறு பக்கம், கண்ணா. தட்டச்சுப் பிழை எங்கே வருகிறது என்றுகூடப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். இரண்டாம் தடவை படிக்கும்போது அந்த வட்டங்களைப் பார்த்து, லைப்ரரிப் புத்தகத்தில் எந்தக் கழுதை இப்படிக் கிறுக்கியது என்று திட்டியதும் ஞாபகம் வந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காலில் செருப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய் நின்றேன். இட்லி வைத்தாள், புதன்கிழமை என்னைத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சின்னப் பெண், ஷாலினி வயதுதான் இருக்கும். மூன்று சொல் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள், பிறகு கடிகாரம் வரையச் சொன்னாள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள். கடிகாரத்தையும் கணக்கையும் ஊதித் தள்ளினேன். அந்த மூன்று சொல்லையும் திருப்பிக் கேட்டபோது வாழைப்பழம் வந்தது, நதி வந்தது, மூன்றாவது வரவில்லை. நாக்கு நுனியில்கூட இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, அதுதான் பயம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் வந்தால்தான் எதையும் சொல்ல முடியும், தைராய்டாக இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம் என்றாள். அந்த வேறு எதுவின் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது சொல் சாவி என்று திரும்பும்போது பஸ்ஸில் ஸ்டெல்லா சொன்னாள். இப்போது காலையில் கண் விழித்ததும் சாமியைக் கும்பிடுவதற்கு முன்னால் சாவி என்று சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை வந்திருக்கிறது.

செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் எண் தெரியாது, எனக்குத் தெரியும். அரிசி மில், மரவாடி, சினிமா கொட்டகை, எல்லா எண்ணும் இன்றைக்கும் வருகின்றன, எழுதிப் பார்த்தேன். அந்த மில் இடிந்து போய் வருஷக்கணக்காகிறது. அதன் எண் மட்டும் எனக்குள் பத்திரமாக இருக்கிறது, முதல் தடவை படித்த அந்த நாவல் இல்லை. புத்தகம் படிப்பது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நான் பயமில்லாமல் செய்த காரியம். அப்பாவுக்குப் பயந்தேன், அப்புறம் உன் அப்பாவின் வியாதிக்குப் பயந்தேன், ஆபீசில் மேலதிகாரிக்குப் பயந்தேன். புத்தகத்தைத் திறந்தால் யாருக்கும் பயமில்லை. இப்போது அதற்கும் பயம் வந்துவிட்டது. அறுபதாம் பக்கத்தில் ஒரு வரி பழகிய வரியாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள். முன்பாக இருந்தால், ஊசிப்போன நடை, எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார் என்று எழுத்தாளரை ஒரு பிடி பிடித்திருப்பேன். இப்போது அது அவர் பழசா, நான் ஏற்கெனவே படித்ததா என்று தெரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு நோட்டைப் புரட்டுகிறேன். நோட்டில் இல்லாவிட்டால், எழுத மறந்திருப்பேனோ என்று அடுத்த பயம்.

ஆனால் நான் உனக்கு எழுதுவது இந்த மறதியைச் சொல்ல மட்டுமில்லை. அந்த இரண்டு கருத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் தடவை அந்த அப்பனை மன்னிக்கவே மாட்டேன் என்றவள் நாலே வாரத்தில் எப்படி மன்னித்தேன்? மனம் இளகியா? இல்லை கண்ணா, கோபம் மறந்துபோயிற்று, அவ்வளவுதான். மறதி வந்து என் கோபத்தை எடுத்துக்கொண்டு போனால் போகட்டும். அது நான் செய்த தப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால்? ஒருநாள் நான் சந்தோஷமாக, எந்த உறுத்தலும் இல்லாமல், நல்ல அம்மாவாக உன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. உனக்கு மட்டும் இருக்கும். அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நீ ப்ளஸ் ஒன் படித்த வருஷம். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம், ஞாபகம் இருக்கிறதா. அந்த மாதம் நான் ஒரு புத்தகமும் படித்து முடிக்கவில்லை. கூட்டத்தில் போய், இந்த மாதம் படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் இப்படியென்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? என் வீம்பு விடவில்லை. கிளம்பும்போது உன் மேஜையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடந்தது. நீ எழுதிய பேய்க்கதை. கோட்டைக் கல்லறைக்குள்ளிருந்து ஒரு குரல் ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். உன்னைக் கேட்கவில்லை. பையில் போட்டுக்கொண்டேன், பஸ்ஸில் இரண்டு பக்கம் படித்தேன். போதும் என்று மூடிவிட்டேன்.

வட்டத்தில், இந்த மாதம் ஒரு வளரும் எழுத்தாளர் என்று ஆரம்பித்து, அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். குரலை மாற்றி, கல்லறைக் குரலுக்கு மூக்கால் பேசி, நீ எழுதிய பெரிய பெரிய வார்த்தைகளை இழுத்து இழுத்து வாசித்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ஜினியர் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாதம் இடிந்து உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன். திரும்பினால் படிக்கட்டு முனையில் நீ நிற்கிறாய். மழை வருகிற மாதிரி இருந்ததால் எனக்குக் குடை கொண்டுவந்திருக்கிறாய்.

வீட்டுக்கு வருகிற வழியில், கோட்டைச் சுவர் ஓரமாக வரும்போது, எப்படிம்மா இருக்கு கதை என்று கேட்டாய். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. எனக்கு விமர்சனம்தான் வாயில் வந்தது.

“ஆரம்பம் பரவால்லடா. முடிவுதான் சப்புனு போச்சு.”

நீ நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாய். “முடிவா?” என்றாய்.

ஆமாம், அவசரப்பட்டுவிட்டாய் என்றேன். சரிம்மா என்று சொல்லிவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்த நோட்டை நான் வீட்டில் பார்க்கவில்லை. நீ பாடப்புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. பிள்ளைக்கு வாசிப்பில் ருசி இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போனில் நான் புத்தகம் பற்றிப் பேசுவதை இத்தனை வருஷம் நீ பொறுத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பயணத்துக்காக உங்கள் ப்ளாட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது நான் ஒத்தாசைக்கு வந்தேன் அல்லவா, நீ ஆபீஸ் போயிருந்தாய். பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் அந்த நோட்டு இருந்தது. ஷாலினி அதைப் புரட்டிக் காட்டி, பாதியிலேயே விட்டுவிட்டாராம் அத்தை, முடிக்கவே இல்லையாம் என்று சாதாரணமாகச் சொன்னாள். பதினோரு பக்கம் எழுதியிருந்தாய். கடைசி வாக்கியம் நடுவில் நிற்கிறது. அதற்குப் பிறகு நோட்டு முழுக்க வெள்ளை. நீ எழுதாத முடிவைத்தான் நான் சப்பென்று போயிற்று என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கே, அந்தக் கோட்டைச் சுவர் ஓரத்திலேயே, உனக்குத் தெரிந்துவிட்டது, அம்மா படிக்கவில்லை, படித்ததாகப் பொய் சொல்கிறாள் என்று. இருபது வருஷமாகத் தெரிந்துகொண்டே, எந்தப் புத்தகத்தையும் பாதியில் விட்டதில்லை என்று நான் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் ம் ம் என்று கேட்டிருக்கிறாய். ஒருநாளாவது, ஒரு கோபத்திலாவது, சொல்லிக்காட்டியிருக்கக் கூடாதா?

அந்த மீதிப் பக்கங்களை நான் படிக்கவில்லை. ஷாலினி கையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் ஒரு தடவை எடுத்தது போதும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுக்கிறேன், துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். நேரம் இருக்கிறதா என்று இப்போது தெரியவில்லை. அதனால் ஞாபகம் இருக்கும்போதே எழுதுகிறேன். உன் கதையைத் திருடினேன், நாலு பேர் முன்னால் உன்னைக் கேலிப் பொருளாக்கினேன், படிக்காமலே குறை சொன்னேன், பொய் சொன்னேன். என்னை மன்னித்துவிடு. மூன்றாவது சொல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போன மாதிரி, இதுவும் போய்விடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

உன்னை ஊருக்குப் போகாதே என்று தடுக்க இதை எழுதவில்லை, ஸ்கேனைக் காரணம் காட்டி டிக்கெட்டை ரத்து செய்தால் நான் உன்னோடு பேசவே மாட்டேன். ஸ்டெல்லா இருக்கிறாள், என்னைவிட ஐந்து வயது சின்னவள், என்னைவிட நாலு மடங்கு கெட்டிக்காரி. நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தை இரண்டாவது சனிக்கிழமை வட்டத்தில் வாசிக்கிறேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் மூன்று பேர் இன்னும் வருகிறார்கள். சிரித்தது அங்கே என்றால் மன்னிப்பும் அங்கேதானே கேட்க வேண்டும். நீ வேண்டாம் என்றால் வாசிக்க மாட்டேன், இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஏதாவது கிறுக்கிக்கொண்டு வந்து நீட்டினால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கடைசி வரிவரைக்கும் படி. அதற்கு மேல் அம்மாவிடம் அறிவுரை ஏதும் கையிருப்பில் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா. நீயே வாசி. பதினோரு பக்கமும் நான் வாயைத் திறக்காமல் கேட்கிறேன். பாதியில் நிற்கிற அந்த வாக்கியத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று உனக்கு இன்னும் ஞாபகம் இருந்தால் சொல், இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. என்றைக்காவது நீ ஊருக்கு வந்திருக்கும்போது நான் இதை எடுத்துப் படித்தாலும் படிப்பேன். யாரோ எழுதிய கதை என்று நினைத்துக்கொண்டு முழுசாகப் படிப்பேன். படித்துவிட்டு என் வழக்கப்படி உன்னிடம் கருத்து சொல்வேன். இந்தப் பொம்பளை பெற்ற பிள்ளைக்கு இப்படிச் செய்திருக்கிறாளே, இவளை மன்னிக்கவே கூடாது என்று அடித்துப் பேசுவேன், என் வாய் எனக்குத் தெரியும். அப்போது நீ துணி மடித்துக்கொண்டு ம் என்று மட்டும் சொல்லிவிடாதே, ராஜா. அவளுக்காக என்னிடம் ஒரு வார்த்தை பேசு.

அம்மா